மாமனார் கட்டிய ராக்கெட்

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருக்க முடியுமா? கெங்குவார்பட்டி மாதா கோவில் தெருவில் அமிர்தராஜும் அவருடைய மருமகள் சகாயராணியும் இருந்து காட்டினார்கள்.

"மதலேனாள், டீச்சரைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அமிர்தராஜ். டீச்சர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள்.

"அத்தை, மாமாவ மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க" என்பாள் அவள்.

நடுவில் நின்று இரண்டு பக்கமும் தபால் சேர்த்த மதலேனாளுக்குத்தான் வாய் வலித்தது. நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் இந்த ஒரு மாதம் பேசிய பேச்சு அவள் பேசியதே இல்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு தகர குடோன்.

அமிர்தராஜ் சவுண்ட் சர்வீஸ் முதலாளி. பெரியகுளம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோவில் திருவிழா எதுவானாலும் அவருடைய மைக் செட்டும் சீரியல் லைட்டும்தான். ஒரு காலத்தில் ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர்களை அடுக்கிவைக்க வீட்டுக்குப் பின்னால் அந்த குடோனைப் போட்டார். சாமான்கள் சிறுத்துப்போய் எல்லாம் முன்னறையிலேயே அடங்கிவிட்டதால் குடோன் காலியாகக் கிடந்தது. அதில்தான் சகாயராணி தன்னுடைய 'வான்கூடம்' அறக்கட்டளையை நடத்திக்கொண்டிருந்தாள்.

அவள் அறிவியல் டீச்சராக இருந்தவள். ஆய்வகத்துச் சாமானை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டி, பிள்ளைகளைக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்லும் பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் முடியவில்லை. வேலையை விட்டாள். தண்ணீர் பாட்டிலில் ராக்கெட் விடவும், பிளாஸ்டிக் குழாயில் கண்ணாடிவில்லை பொருத்தி நிலாவின் பள்ளங்களைப் பார்க்கவும், நிழலை வைத்து மணி சொல்லவும் சுற்றுப்பட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். மாத்திரை டப்பாவில் சோடா மாவும் எலுமிச்சைச் சாறும் போட்டு ஒரு பயல் விட்ட ராக்கெட், மதலேனாள் காயவைத்த வடகத்தில் போய் விழுந்ததும் உண்டு. சம்பள வேலையை விட்டவளைத் தெரு ஒரு தினுசாகத்தான் பார்த்தது. கணவன் பிரான்சிஸ் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். "அப்பாகிட்ட நான் பேசுறேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான், பேசியபாடாக இல்லை.

போன மாதம் நாத்தனார் ரெஜினாவுக்கு வளைகாப்பு நடந்தது. மகள் கை நிறைய வளையல் குலுங்குவதைப் பார்த்து மனசு இளகி உட்கார்ந்திருந்த அமிர்தராஜிடம், மாப்பிள்ளை சுந்தர்ராஜ் பதமாக வாயைத் திறந்தார். வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் அவருக்கு. வாடகைக்கு எடுத்திருந்த இடம் மழையில் ஒழுகி, ஒரு லோடு பூண்டு முளைவிட்டு வீணாகியிருந்தது. மாமா வீட்டுக் குடோன் சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டார்.

மாப்பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்ல எந்த மாமனாருக்கு நாக்கு எழும்பும்? ஒன்றாம் தேதியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

அந்த ஒன்றாம் தேதிக்கு இன்னும் சில நாள்தான் பாக்கி இருந்தது. ரெஜினாவைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டிய ஞாயிற்றுக்கிழமையும் நெருங்கிவிட்டது. அதற்கு முன்னால் வந்து நின்றது இந்த நாள்.

என்ன நாள் என்கிறீர்களா? வானத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும் விண்வெளி நிலையத்தில் ஆட்கள் தங்கி வேலை பார்க்கிறார்கள் அல்லவா, அவர்கள் சில சமயம் பள்ளிப் பிள்ளைகளோடு ரேடியோவில் பேசுவது உண்டு. சகாயராணி ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மனுப் போட்டாள். கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு எழுதினார்கள், சளைக்காமல் பதில் எழுதினாள். கடைசியில், பெண் விண்வெளி வீரர் ஒருவர் பேசுவார் என்று நாள் குறித்து வந்தது. பார்த்தால் அதே நாளில் மாதா கோவில் திருவிழா.

நிலையம் பொழுது சாய்ந்த நேரத்தில் தென்மேற்கே கம்பம் பக்கம் எழும்பி, கெங்குவார்பட்டிக்கு மேலே ஏறி, வடகிழக்கே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். மொத்தம் பத்து நிமிடம் தேறாது. அதற்குள் பேசினால்தான் பேச்சு. விட்டுவிட்டால் திரும்ப ஒரு நாள் கிடைக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

சகாயராணிக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அந்தக் குரல் கேட்டுவிட்டால், குடோனுக்குள் என்ன நடக்கிறது என்று மாமாவுக்கும் ஊருக்கும் புரியும். வான்கூடம் எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும். கேட்காவிட்டால், வேலை கெட்ட வேலை என்று இத்தனை நாள் சொன்னவர்கள் சொன்னதே சரியாகிவிடும். பூண்டு மூட்டைக்கு இடம் விட்டுவிட்டு அவள் போகவேண்டியதுதான்.

ரேடியோ வேலைக்காக மதுரையிலிருந்து ஈஸ்வரபாண்டி காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். வங்கி அதிகாரி. பொழுதுபோக்குக்குத் தூரதேசத்து ஆட்களோடு பேசும் ஹாம் ரேடியோ வைத்திருப்பவர், அதற்கான உரிமமும் உள்ளவர். வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனாவை ஏற்றினார். வானத்தில் நிலையம் போகப் போக அதுவும் கூடவே திரும்புகிற மாதிரி ஒரு மோட்டார் பொருத்தினார். வெயிலோடு வெயிலாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, துளி இரைச்சல் இல்லை, ராஜா மாதிரி இருக்கிறது என்று சொல்லி மதலேனாள் கொடுத்த மோரைக் குடித்தார்.

திருவிழாப் பாட்டுச் சத்தம் மட்டும் குறுக்கே வரக்கூடாது என்று சகாயராணி அத்தை வழியாகச் சொல்லி அனுப்பினாள். பத்து நிமிடம் மைக்கை நிறுத்த முடியுமா?

அமிர்தராஜ் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "பத்து நிமிசம் என்ன, அரை மணி நேரம் நிறுத்திப்புடுவோம். சப்பரம் அதுக்கு அப்புறம்தான் கெளம்புது. பாதர்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் தன்னுடைய ஆள் அம்மாவாசியைக் கூட்டிக்கொண்டு வேனில் எங்கேயோ போனார். திரும்பி வந்து தெரு முனையில் சாரம் கட்டினார்கள். திருவிழா வேலை என்று நினைத்து சகாயராணி அதைக் கண்டுகொள்ளவில்லை. பெரியகுளத்திலிருந்தும் வடுகபட்டியிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டு முடித்ததும் 'ஓவர்' சொல்லவேண்டும், அப்போதுதான் அந்தப் பக்கம் பேசுவார்கள் என்று அவர்களுக்கு வாரக்கணக்கில் பழக்கியிருந்தாள். பழக்கியது வீடு வரைக்கும் போய்விட்டது. எட்டாம் வகுப்பு ஓவியா வீட்டில் சாப்பாடு கேட்டாலும் "சோறு வையி, ஓவர்" என்றுதான் கேட்கிறாளாம். அவளுடைய அம்மா முருகம்மாள் வந்து குறைபட்டுவிட்டுப் போனாள். முருகம்மாள் சுந்தர்ராஜ் கடையில் பூண்டின் காய்ந்த தாளை, அதாவது தண்டை, அறுக்கிறவள்.

சாயங்காலம் சுந்தர்ராஜே வந்தார், திருவிழாச் சாப்பாட்டுக்கு. வரும்போதே அளவு டேப் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் கேள்வி மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்போதே குடோனின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். தொலைநோக்கியை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, இதையெல்லாம் எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று மரியாதையாகவே கேட்டார். சகாயராணி இன்றைக்கு ஒரு நாள் பொறுக்கச் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

பொழுது சாய்ந்தது.

தெருவில் திடீரென்று ஒரு ஆரவாரம் கேட்டு சகாயராணி வாசலுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தெரு முனையில், வழக்கமாக மாதா உருவம் மின்னுகிற சாரத்துக்குப் பக்கத்தில், இன்னொரு சாரம் எழும்பியிருந்தது. வீட்டு மாடியைத் தாண்டிய உயரத்தில் ஒரு ராக்கெட். பூராவும் எல்.இ.டி. விளக்கு. அடியில் சிவப்பும் மஞ்சளுமாகத் தீ ஓடியது, நுனியில் நீலம் சுற்றியது. ராக்கெட்டின் வயிற்றில் 'வான்கூடம்' என்று எழுத்து எழுத்தாக எரிந்து அணைந்து எரிந்தது. அங்கிருந்து வீடு வரைக்கும் தெருவின் இரண்டு பக்கமும் சரம் சரமாக விளக்கு. எல்லாம் புதுசு. பேச்சு வார்த்தை இல்லாத வீட்டில் மனுஷன் இதை எப்போது யோசித்தார், எப்போது செய்யச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. ஒரு மாதக் கோபமும் அந்த இடத்திலேயே கரைந்துபோயிற்று.

அமிர்தராஜ் சாரத்தடியில் நின்று, அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், மேல வாங்க." மாடியிலிருந்து ஈஸ்வரபாண்டி கூப்பிட்டார். குரலே சரியில்லை.

அவள் ஓடினாள். அவர் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். காதில் வைத்தால் ஒரே உறுமல். மழைக்காலத்தில் ஓடையில் வெள்ளம் வருகிற மாதிரி ஒரு இரைச்சல், வேறெதுவும் கேட்கவில்லை.

"காலையில ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

"காலையில லைட்டு எரியல மேடம்." அவர் தெருவைக் காட்டினார். "இந்த விளக்குல எல்லாம் ஒரு சின்னப் பொட்டி இருக்கு. அது வெளிச்சத்தோட சேத்து ரேடியோ இரைச்சலையும் கக்கும். நம்ம காதுக்குக் கேக்காது, ஆன்டெனாவுக்குக் கேக்கும். இது பூராவும் எரியுறவரைக்கும் மேல இருந்து யார் பேசினாலும் நமக்கு விழாது. நிலையம் எழும்ப இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு."

சகாயராணி ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள். சத்தத்தை நிறுத்தச் சொன்னவளுக்கு வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வீடாக இருந்தால், அவர் லைட்டு வாங்கப் போகும்போதே ஒரு வார்த்தை கேட்டிருப்பார், இவளும் சொல்லியிருப்பாள். இப்போது போய் எப்படிச் சொல்வது? ஒரு மாதம் கழித்து அந்த மனுஷன் ஆசையாக ஒன்று செய்திருக்கிறார். முதல் வார்த்தையாகப் போய், அதை அணையுங்கள் என்று சொல்வதா?

கீழே இறங்கினாள். சுந்தர்ராஜ் படியடியில் நின்றார். மேலே பேசியது அவர் காதில் விழுந்திருக்கவேண்டும். அவள் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே மாமனாரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

"மாமா, நீங்க போட்ட லைட்டு இடைஞ்சலா இருக்காம். அணைக்கச் சொல்றாக."

அமிர்தராஜின் முகம் விழுந்துவிட்டது. கையிலிருந்த டெஸ்டரைச் சட்டைப் பையில் சொருகினார், திரும்ப எடுத்தார், திரும்பச் சொருகினார். சுற்றி நின்றவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அத்தையைத் தேடிச் சொல்லி அனுப்ப இப்போது நேரம் இல்லை. சகாயராணி நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, ஒருதரம் மாடிக்கு வாங்க. நீங்களே காதால கேளுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். படி ஏறினார்.

ஈஸ்வரபாண்டி அவர் தலையில் ஹெட்போனை மாட்டினார். அமிர்தராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எத்தனையோ மேடைகளில் மைக் டெஸ்டிங் சொன்ன மனுஷன்; மைக்கில் உர்ரென்று ஒரு இழை இரைச்சல் வந்தாலே ஆளைத் திட்டித் தீர்த்துவிடுகிறவர். முகம் சுருங்கியது. கைப்பிடிச் சுவருக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"ஏலே அம்மாவாசி, ராக்கெட்ட மட்டும் அணை."

ராக்கெட் அணைந்தது. தெருவில் 'ஊ' என்று ஒரு சத்தம் எழுந்தது. அமிர்தராஜின் புருவம் உயர்ந்தது. இரைச்சலில் பாதி இறங்கிவிட்டதை அவர் முகமே சொன்னது.

"சரத்தையும் அணை."

அதுவும் அணைந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றி ஈஸ்வரபாண்டி கையில் கொடுத்துவிட்டு, சகாயராணியிடம் திரும்பினார். நேராக அவளிடமே பேசினார்.

"இத்தனை வருசத்துல என் மைக்குல இப்படி ஒரு எரைச்சல் வந்ததில்ல ஆத்தா. நம்ம வீட்டுப் பிள்ளைக பேசுறப்ப வர விட்டுருவேனா? இன்னும் என்னென்ன அணைக்கணும், சொல்லு."

சகாயராணி தெருவைக் காட்டினாள். கோவில் விளக்கும், வீட்டுக்கு வீடு தொங்குகிற சரமும் என்று மட்டும் சொன்னாள்.

அமிர்தராஜ் இரண்டிரண்டு படியாக இறங்கினார். கோவில் விளக்கும் அவருடைய ஒப்பந்தம்தான். பாதரிடம் மன்னிப்பை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே ஜெனரேட்டரை நிறுத்தினார். பிறகு பேட்டரியில் ஓடுகிற மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களுக்கு அமிர்தராஜ் பேசுறேன். மேல வானத்துல இருந்து ஒரு அம்மா நம்ம பிள்ளைகளோட பேசப் போறாக. நம்ம லைட்டு எரைச்சல்ல அவுக பேச்சு விழ மாட்டேங்குது. கொஞ்ச நேரம் வீட்டு லைட்ட அணைங்க. டிவியையும் அணைங்க. நான் போட்ட லைட்ட நானே அணைச்சிட்டேன். சத்தம் போடாம எல்லாரும் வெளிய வந்து நில்லுங்க. இத்தோட மைக்கையும் அணைக்கிறேன்."

தெரு முதலில் சிரித்தது. மேலே இருக்கிற அம்மாவுக்குக் கண் கூசுகிறதா என்று ஒருவர் கேட்டார். சீரியல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில் முணுமுணுப்புக் கேட்டது. ஆனாலும் திருவிழா அன்றைக்கு, விளக்குப் போட்டவரே விளக்கை அணைக்கச் சொல்கிறார் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று எல்லோருக்கும் பட்டுவிட்டது. ஒவ்வொரு வீடாக இருண்டது. கோவில் கோபுரம் இருண்டது. கொஞ்ச நேரத்தில் மாதா கோவில் தெரு முழுவதும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்து நின்றது.

மாடியில் ஓவியா வரிசையில் முதலாவதாக நின்றாள். தன் கேள்வியை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சகாயராணி அவள் தோளில் கை வைத்தாள்.

ஈஸ்வரபாண்டி மைக்கில் நிலையத்தை அழைத்தார். பதில் இல்லை. ஸ்பீக்கரில் மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

மறுபடியும் அழைத்தார். பதில் இல்லை. கீழே யாரோ இருமினார்கள், யாரோ அவரை அதட்டினார்கள். ஒன்றரை வருட வேலை, அத்தனை பிள்ளைகள், இருட்டில் நிற்கும் ஒரு தெரு, எல்லாவற்றுக்கும் நடுவில் தான் மட்டும் நிற்பதாக சகாயராணிக்குத் தோன்றியது. வந்துவிடு தாயே, வந்துவிடு என்று அவள் யாரிடம் வேண்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாவது முறை அழைத்தார்.

கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் தெளிந்து வந்தது. நன்றாகக் கேட்கிறது, பிள்ளைகளுக்கு வணக்கம் என்றது.

ஓவியா மைக்கை வாங்கினாள். ஆங்கிலத்தில் கணீரென்று கேட்டாள். "மேலே இருந்து பார்த்தால் எங்கள் ஊர் விளக்குகள் உங்களுக்குத் தெரியுமா? ஓவர்."

அந்தக் குரல் சிரித்தது. தெரியும் என்றது. கடற்கரை ஓரம் முழுக்க விளக்குக் கோடு, பெரிய ஊர்கள் எல்லாம் வெளிச்சக் கொத்து. மேற்கே மலைகள் மட்டும் இருட்டாக இருக்கின்றன, அந்த இருட்டுக்குப் பக்கத்தில்தானே நீங்கள் நிற்கிறீர்கள் என்று கேட்டது. சகாயராணி கைப்பிடிச் சுவரில் குனிந்து அதை அப்படியே தமிழில் கீழே சொன்னாள். சத்தம் போடக்கூடாது என்பதால் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. முருகம்மாள் மட்டும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். தலை எப்படிக் குளிப்பீர்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், வீட்டு நினைப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. ஒரு பிள்ளையும் தடுமாறவில்லை.

நடுவில் கீழே ஒரு சலசலப்பு எழுந்தது. மதலேனாள்தான் முதலில் பார்த்தாள். கையை நீட்டிக் காட்டினாள். தென்மேற்கிலிருந்து ஒரு வெளிச்சப் புள்ளி, கண் சிமிட்டாமல், சத்தமில்லாமல், தலைக்கு மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. சீரியல் விளக்கு எரிந்திருந்தால் ஒருத்தர் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. பேசுகிறவள் அதற்குள்ளேதான் இருக்கிறாள் என்று தெருவுக்குப் புரிந்தபோது, ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். மதலேனாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அமிர்தராஜ் அண்ணாந்தவர் அண்ணாந்தபடியே இருந்தார்.

"அந்தா போறது நம்ம முருகம்மா மககூடவா பேசுது?" என்று சுந்தர்ராஜ் தன்னை மறந்து கேட்டது சகாயராணி காதில் விழுந்தது.

வடகிழக்கு மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்க இறங்க, குரல் உடைந்து உடைந்து வந்தது. நன்றாகப் படியுங்கள் என்றது, அதற்கப்புறம் வந்தது கேட்கவில்லை. ஈஸ்வரபாண்டி நன்றி சொல்லி முடித்து ரேடியோவை அணைத்தார்.

தெரு வெடித்தது. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், அம்மாவாசி சரவெடியைக் கொளுத்தினான். பிள்ளைகள் சகாயராணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அன்றைக்கு அவளை விடச் சந்தோஷமான மனுஷி தேனி மாவட்டத்தில் யாரும் இருந்திருக்க முடியாது.

ராக்கெட் திரும்ப எரிந்தது. அமிர்தராஜ் மைக்கைத் தட்டினார். ஊர்க்காரியங்களை மணிக்கணக்கில் அறிவிக்கிறவருக்கு இன்றைக்கு வாய் குழறியது.

"என் மருமக சகாயராணி செஞ்சத எல்லாரும் பாத்தீக. நானும் இன்னைக்குத்தான் பாத்தேன். பின்னால இருக்கிற குடோன் இனிமே வான்கூடத்துப் பிள்ளைகளுக்கு. நான் உசுரோட இருக்கிறவரைக்கும் வேற சாமான் அங்கன போகாது."

மறுபடியும் கைதட்டல். சகாயராணி மட்டும் தட்டவில்லை. அவள் சுந்தர்ராஜைத் தேடினாள்.

அவர் மதலேனாளிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார். சத்தம் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சபையில வச்சுச் சொல்லிட்டாக. நல்லாருக்கு அத்தை. ரெஜினாவ ஞாயித்துக்கெழம அனுப்புறதப் பத்தி நான் யோசிக்கணும்."

மதலேனாள் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிப் பின்னாலேயே ஓடினாள். திருவிழா அன்றைக்கு மாப்பிள்ளை கை நனைக்காமல் போகிற வீடு விளங்குமா? அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

முற்றத்தில் பந்தி போட்டிருந்தது. பந்தியின் முதல் இடத்தில் மாப்பிள்ளைக்கென்று விரித்த பெரிய இலை, கறியெல்லாம் எடுத்து வைத்தபடி ஆளில்லாமல் கிடந்தது. அதில் உட்கார ஒருவரும் முன்வரவில்லை. அமிர்தராஜ் கை கழுவிவிட்டு வந்தார். மதலேனாள் சொல்லி அழுததைக் கேட்டார். அந்த இலையைப் பார்த்தார்.

சகாயராணி அவர் பக்கத்தில் வந்தாள். தன் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது, ரெஜினாவுக்குத் தாய்வீடு போய்விடுமோ?

"மாமா, குடோன அவுகளுக்கே குடுத்துருவோம். நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்."

"வேணாம்" என்றார் அமிர்தராஜ். "முன்னால சொன்னது உன்னையக் கேக்காமச் சொன்னது. அது தப்பு. இன்னைக்குச் சொன்னது கண்ணால பாத்துட்டுச் சொன்னது. அது நிக்கும். காலையில நான் வடுகபட்டிக்குப் போறேன். மாப்பிள்ளை காலுல விழணும்னாலும் விழுறேன், எம் மகளக் கூட்டிட்டு வாரேன்."

அந்த நேரம் பார்த்து மதலேனாளின் போன் அடித்தது. ரெஜினாதான். மாப்பிள்ளை இன்னும் வீடு சேர்ந்திருக்க முடியாது. மதலேனாள் கேட்டாள், முகம் மாறியது, போனைச் சகாயராணியிடம் நீட்டினாள்.

"அவுக வந்து சேர்றதுக்குள்ள மதினிகிட்ட ஒண்ணு சொல்லணுமாம். மதினிகிட்ட மட்டுந்தானாம்."

சகாயராணி கை நீட்டினாள். அமிர்தராஜ் அதற்கு முன் அவள் தோளைத் தொட்டு, அந்தப் பெரிய இலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"உக்காந்து பேசு. காலையில இருந்து நீ பச்சத் தண்ணி குடிக்கல, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அந்த வீட்டில் மருமகள் முதல் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை. அவள் அத்தையைப் பார்த்தாள். மதலேனாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உட்காரச் சொல்லித் தலையசைத்தாள்.

மாப்பிள்ளைக்குப் போட்ட இலையில் சகாயராணி உட்கார்ந்தாள். போனைக் காதில் வைத்தாள். "விசயம் கேள்விப்பட்டேன் மதினி, குடோன விட்டுராதீக, ஞாயித்துக்கெழம நான் வந்துருவேன்" என்றாள் ரெஜினா. அமிர்தராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோற்று வாளியைத் தூக்கி வந்து, குனிந்து தன் கையால் பரிமாறினார்.